லாயத்து முற்றம்

மலேசியாவில் குதிரை வளர்ப்பவர்கள் வெயிலைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. நிழலும் காற்றோட்டமும் வாளி நிறைய நீரும் இருந்தால் வெயிலைச் சமாளித்துவிடலாம். அவர்களுக்குக் கவலை தருவது மாலை மழைதான். தீபகற்பத்தின் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மேற்குக் கரையில் ஏப்ரல் மாதத்திலும், பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால், நான்கு மணிக்குள் லாயத்தைச் சுற்றி நீர் நின்றுவிடும். மழை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அது விட்டுச்செல்லும் சேறு பல நாள் கிடக்கும்.

குதிரைப் பண்ணைக்குச் சென்று வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். திடலின் நடுவில் புல் பச்சையாகவே இருக்கும். வாயிற்கதவின் அருகில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, உலர்புல் போடும் இடத்தில், கூரையின் விளிம்புக்கு நேர் கீழே என்று சில இடங்களில் மட்டும் கணுக்கால் புதையும் அளவுக்குச் சேறு கிடக்கும். மழை எல்லா இடத்திலும் ஒரே அளவில்தான் பெய்தது. ஆனால், குதிரைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை. உணவு வரும் பக்கம் கூடி நிற்பதும், கதவு திறக்கும் ஓசைக்குக் காத்திருப்பதும் அவற்றின் இயல்பு.

வளர்ந்த குதிரை ஒன்றின் எடை சுமார் 500 கிலோகிராம். அந்த எடை முழுவதும் நான்கு சிறிய குளம்புகளின் வழியாக மண்ணில் இறங்குகிறது. குதிரை நடக்கும்போது ஒவ்வொரு குளம்பும் உரலில் இறங்கும் உலக்கையைப் போல மண்ணை இடிக்கிறது. களிமண்ணோடு மழைநீர் சேர்கிறது. குதிரையின் இலத்தியும் சிந்திய உலர்புல்லும் சேர்கின்றன. குளம்புகள் அனைத்தையும் ஒன்றாக அரைத்துக் கலக்கிவிடுகின்றன.

நெல் வயலில் உழவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். செகிஞ்சானிலும் கெடாவிலும் நடவுக்கு முன் வயலில் நீரைக் கட்டி, மண்ணைக் கலக்கிச் சேறாக்குவார்கள். முன்பு எருமைகள் செய்த அந்த வேலையை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. அப்படிக் கலக்கும்போது மண்ணிலுள்ள நுண்ணிய துளைகள் அடைபட்டுவிடும். நீர் கீழே இறங்காமல் வயலிலேயே தங்கும். நெல்லுக்கு அதுதான் வேண்டும். லாயத்து வாசலில் குதிரைகள் கூலி எதுவும் வாங்காமல் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. அதனால்தான் நன்றாகக் கலங்கிய சேறு, மழை நின்று பல நாளாகியும் காய்வதில்லை. மேலே பொருக்குத் தட்டியிருக்கும், உள்ளே குழைந்திருக்கும்.

சேறு அசிங்கமாகத் தெரிவதோடு நின்றுவிட்டால் யாரும் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. குதிரையின் குளம்பு, மனிதரின் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது. நாள் முழுவதும் தண்ணீரில் கை நனைத்தால் நகம் மெத்தென்று ஆவதைப் போல, ஓயாத ஈரத்தில் குளம்பும் மெலிந்துபோகும். குளம்பைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பகுதியின் நடுவே முக்கோண வடிவில் ரப்பரைப் போன்ற ஒரு பகுதி தெரியும். ஆங்கிலேயர் அதற்குத் ‘தவளை’ என்று ஏன் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் தவளையைப் போல் இல்லை. அந்தப் பகுதியின் இரு பக்கமும் உள்ள பள்ளங்களில் சேறும் இலத்தியும் அடைந்துகொண்டால் உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் பெருகும் கிருமிகள் அங்கே குடியேறும். கறுத்த கசிவும் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் குதிரை நொண்டத் தொடங்கும்.

குளம்புக்கு மேலே, கணுக்கால் தோலிலும் ஈரத்தால் புண் வரும், பொருக்குக் கட்டும், தொட்டால் குதிரை காலை உதறும். ஆழமான சேறு லாடத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடுவதும் உண்டு. வழுக்கி விழுந்தால் தசைநார் பிசகும். பிசகிய தசைநார் ஆறப் பல மாதங்கள் ஆகலாம். ஓடுவதற்காகவே படைக்கப்பட்டது போன்ற ஒரு விலங்கு, நிற்கும் இடம் சரியில்லாததால் நடக்க முடியாமல் போவதைப் பார்ப்பது எளிதன்று.

இந்த நாட்டில் குதிரைகளுக்கும் அவற்றைப் பேணியவர்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. சிங்கப்பூரில் 1842ஆம் ஆண்டு பந்தயக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் திடல் இருந்த ஃபேரர் பார்க் பகுதியில், ‘பந்தயத் திடல் சாலை’ என்னும் பொருளுடைய பெயரை இன்றும் தாங்கிய சாலை லிட்டில் இந்தியாவை ஒட்டிச் செல்கிறது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், பிறகு கிராஞ்சிக்கும் மாறியது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. அந்த நீண்ட காலம் முழுவதும் விடியுமுன் எழுந்து குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, குளம்பைச் சுத்தம் செய்தவர்கள் ‘சைஸ்’ என்று அழைக்கப்பட்ட குதிரைப் பராமரிப்பாளர்கள். பாவியன் தீவிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர், தமிழர்களும் இருந்தனர். பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயரும் அதன் மேல் அமர்ந்தவரின் பெயரும் செய்தித்தாளில் வரும். குளம்பைச் சுத்தம் செய்தவரின் பெயர் வராது.

சிலாங்கூரில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் சிறிய குதிரைப் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பந்தயக் குதிரை லாயத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். “ஒரு கால் எழுத்துத்தான் வித்தியாசம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பண்ணையில் எட்டுக் குதிரைகள். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடம் அது.

எட்டாவதாக வந்தது, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. வாழ்நாளில் பெரும்பகுதியைக் காய்ந்த படுக்கையில் நின்று கழித்த குதிரை அது. பந்தயக் குதிரைகளின் உள்ளங்குளம்பு பொதுவாக மெல்லியது. பண்ணைக்கு வந்த ஐந்தாவது வாரம் அதன் முன்னங்கால் குளம்பிலிருந்து கறுப்பு நீர் கசிந்தது. லாடம் அடிக்க வந்தவர் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மருந்து தருகிறேன். ஆனால், இதைச் சேற்றிலேயே நிறுத்தி வைத்தால் மருந்து தண்ணீரில் கரைத்த உப்புதான்” என்றார்.

பண்ணை உரிமையாளர் நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். மறுநாளே ஒரு லாரி மணல் வாங்கி வாசலில் கொட்டச் செய்தார். பொன்னிறமாகப் பரப்பியிருந்த மணலைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் மட்டும் எதுவும் பேசவில்லை. மூன்று வாரம் மழை பெய்தது. மணல் இருந்த இடம் தெரியவில்லை. குதிரைகளின் எடை அதைக் களிமண்ணுக்குள் அழுத்திவிட்டது. அரைத்த மாவில் உப்பு கலந்ததைப் போல அது சேற்றோடு சேர்ந்துவிட்டது. முன்பு இருந்த சேற்றை விட இப்போது இருந்தது இன்னும் ஆழம்.

சேற்றின் மேல் எதையாவது கொட்டி மூடுவது உலகெங்கும் குதிரை வளர்ப்பவர்கள் செய்யும் முதல் வேலை. மணலாகட்டும், மரத்தூளாகட்டும், கல்லாகட்டும், குழைந்த மண்ணின் மேல் நேராகக் கொட்டினால் அது மூழ்கிப்போகும். மணலில் வேறோர் ஆபத்தும் உண்டு. மணல் தரையில் உலர்புல்லைப் போட்டால் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது குடலில் தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றுக்குள் போன எதுவும் திரும்பி வர வழியில்லை. வயிற்றுவலியால் குதிரைகள் இறப்பதும் உண்டு.

வார இறுதிகளில் பண்ணைக்கு உதவ வரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி இருந்தாள். இலத்தி அள்ளுவதற்கும் முகம் சுளிக்காதவள். மணல் காணாமல் போன வாரம், மழையில் லாயத்து வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்.

“இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து தாத்தா வருகிறது? திடலில் இவ்வளவு இல்லையே!”

பெரியவர் மேலே கை காட்டினார். கூரையின் விளிம்பிலிருந்து நீர் ஒரு திரையைப் போல விழுந்துகொண்டிருந்தது.

“நீ கணக்கில் கெட்டிக்காரி ஆயிற்றே. கூரையின் நீளம் இருபது மீட்டர், அகலம் பத்து மீட்டர். ஒரு நாள் மழை ஐம்பது மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். எவ்வளவு தண்ணீர் வாசலில் விழும்?”

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அவள் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். 200 சதுர மீட்டர்; 50 மில்லிமீட்டர். “பத்தாயிரம் லிட்டர்!” என்றாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. ஒரே மாலையில், வீட்டுக் கூரைமேல் வைக்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டிகளில் பத்து நிரம்பும் அளவு நீர், குதிரைகள் நிற்கும் அதே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தத் தண்ணீருக்கு வேறு வழி காட்டாமல் நீ தரையில் பொன்னைப் போட்டாலும் மூழ்கத்தான் செய்யும் பாப்பா” என்றார் பெரியவர்.

ஆகவே, தரையைச் சீராக்கும் வேலை கூரையிலிருந்து தொடங்கியது. கூரையோரத்தில் துருப்பிடித்துத் தொங்கிய அரைக்குழாய்களைக் கழற்றிவிட்டு, அகலமான புதிய குழாய்களைப் பொருத்தினார்கள். நம் நாட்டு மழைக்கு ஒடுங்கிய குழாய் போதாது. நீர் அதைத் தாண்டிக் குதித்துவிடும். குழாயில் இறங்கிய நீர் மூடிய குழாய் வழியாக லாயத்தின் பின்புறக் கால்வாய்க்குச் சென்றது. மேட்டுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வழிந்து வரும் நீரை மறிக்க, லாயத்துக்கு மேற்புறத்தில் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். பெரியவரின் தந்தை தோட்டத்தில் கால்வாய் வெட்டியவர். மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. அந்த இரண்டு வேலைகளுக்குப் பிறகு, தரையில் ஒரு கைப்பிடி கல்கூடப் போடாத நிலையிலேயே வாசலில் இருந்த சேறு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது.

அதன் பிறகுதான் தரை. முற்றம் முழுவதையும் செய்யப் பணம் இல்லை. எனவே, குதிரைகள் அதிக நேரம் நிற்கும் வாயிற்கதவுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் ஐந்து மீட்டர். குழைந்த சேறு முழுவதையும் வழித்தெடுத்து, கெட்டியான மண் தட்டுப்படும் வரை கீழே போனார்கள். இந்த வேலையைச் சோம்பலால் தவிர்த்துவிட்டு நேராகக் கல்லைக் கொட்டுபவர்கள் பலர். அவர்களின் கல் அடுத்த ஆண்டு சேற்றுக்குள் இருக்கும்.

வழித்த தரையில் சரிவு வேண்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது தாழ வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர். கண்ணுக்கு அது சமதளமாகவே தெரியும். நீருக்குத் தெரியும். பெரியவரிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர்க் குழாய் ஒன்று இருந்தது. அதன் இரு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்டி, நீர் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பார்த்து, மாணவியைக் கொண்டு அளவு குறிக்கச் செய்தார். இயற்பியல் பாடத்தில் அவள் படித்தது அன்றைக்குக் கையில் ஈரமாக இருந்தது.

சரிவு அமைத்த மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் என்னும் தடித்த துணியை விரித்தார்கள். சாலை போடுபவர்கள் பயன்படுத்தும் துணி அது. நீரைக் கீழே விடும். ஆனால், மண்ணை மேலே வரவிடாது, கல்லைக் கீழே போகவும் விடாது. விலையைக் கேட்டதும் உரிமையாளர் தயங்கினார்.

“மண்ணுக்குள்ளே போய் மறையப்போகிற துணிக்கு இவ்வளவு விலையா அண்ணே? இது இல்லாமல் செய்ய முடியாதா?”

“போன மாதம் போட்ட மணல் எங்கே தம்பி?”

உரிமையாளர் சிரித்துவிட்டார். துணி வந்தது.

துணியின் மேல் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு உடைத்த கருங்கல் ஜல்லி. 60 சதுர மீட்டருக்கு அது ஏழு கனமீட்டருக்குச் சற்று அதிகம். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, மலிவாகவும் கிடைக்கலாம். ஆனால், அது உருண்டை. மிதித்தால் உருளும், ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாது. உடைத்த கல்லுக்குக் கூரான முனைகள் உண்டு. அழுத்தினால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதே கூர்முனைகள் குளம்பைக் குத்தும் என்பதால் அவற்றை வெறுமனே விடக்கூடாது. மேலே ஆறு சென்டிமீட்டர் கல்தூள் பரப்பி, நீர் தெளித்து, அழுத்தும் இயந்திரத்தால் இறுக்கினார்கள். அப்படி இறுகிய கல்தூள், நன்றாக மெழுகிய மண் தரையைப் போல இருந்தது. குளம்புக்கு மென்மை, நீருக்கு வழி.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். ரப்பர் காலுக்கு இதமானது. வழுக்காதபடி மேற்புறம் சொரசொரப்பாகச் செய்யப்பட்டிருக்கும். முற்றம் முழுவதும் விரிக்கலாம் என்றால் பண்ணையை விற்றுத்தான் விரிக்க வேண்டும். தேன்கூட்டைப் போன்ற கட்டங்களைக் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளும் இன்று கிடைக்கின்றன. கட்டங்களுக்குள் கல்லை நிரப்பினால் அது நகராது. நல்ல பொருள்தான். வசதி உள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள். இடித்த வீட்டுச் செங்கல்லும் சிமெண்டுத் துண்டுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன என்று யாரோ சொன்னபோது பெரியவர் உடனே மறுத்துவிட்டார். அவற்றுக்குள் ஆணியும் கண்ணாடித் துண்டும் இருக்கும். குளம்பில் ஆணி ஏறிய குதிரையை அவர் பார்த்திருக்கிறார்.

குதிரைகளை நடக்க வைக்கும் பாதைக்கு மரச் சில்லுகள். சாலையோர மரங்களை வெட்டுபவர்கள் இயந்திரத்தில் போட்டு அரைத்த சில்லுகள் மலிவாகவே கிடைக்கும். இருபது, முப்பது சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் மெத்தையைப் போல இருக்கும். ஆனால், நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் விரைவில் மக்கிவிடும். மக்கிய சில்லு மண்ணாகும். மண் மழையில் மறுபடி சேறாகும். எனவே, மக்கியதை அள்ளி அகற்றிய பின்னரே புதியதைப் போட வேண்டும். பழையதன் மேலேயே கொட்டிக்கொண்டிருப்பது சேற்றுக்குத் தீனி போடுவது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தச் சில்லு எந்த மரத்தினுடையது என்பது. கோயில் பூசைக்குப் பறிக்கும் அரளி, வீட்டு வேலியோரத்திலும் சாலையோரத்திலும் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. அதன் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. சிறிதளவு அரளி இலையே ஒரு குதிரையைக் கொன்றுவிடும். காய்ந்த பிறகும் அதன் நஞ்சு போவதில்லை. ஒவ்வொரு முறை லாரி வரும்போதும் பெரியவர் சில்லுகளைக் கையால் கிளறிப் பார்த்து, வெட்டிய இடத்தையும் விசாரித்த பிறகே இறக்கச் சொல்வார்.

மண்ணை மூடும் பொருள்களில் மலிவானதும் அழகானதும் புல்தான். அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கும். பள்ளித் திடல்களில் அகன்ற இலையோடு தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும் மாட்டுப்புல், ஈர நிலத்திலும் ஓரளவு நிழலிலும் வளரும். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லோ வெயிலை விரும்பும். உலகம் முழுவதும் விளையாட்டுத் திடல்களிலும் குதிரைகளின் மேய்ச்சல் நிலங்களிலும் ‘பெர்முடா புல்’ என்று பெயர் சொல்லி விலை கொடுத்து நடும் புல் இந்த அருகம்புல்லேதான் என்று அறிந்தால், வீட்டு வாசலில் அதைக் களை என்று பிடுங்கி எறிபவர்கள் சற்று யோசிப்பார்கள். தண்டு தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடுவதால் மிதிபட்டாலும் அது மீண்டும் தழைக்கும்.

மீண்டும் தழைக்க அதற்கு நேரம் தர வேண்டும். இதுதான் பலருக்கும் கடினமான பாடம். எட்டுக் குதிரைகளை நாள்தோறும் மழையில் ஒரே திடலில் விட்டால் எந்தப் புல்லும் தாங்காது. பண்ணையில் மூன்று திடல்கள் இருந்தன. கல்தூள் போட்ட முற்றத்தை ஒட்டிய சிறிய திடலில் புல் வளர்க்கும் ஆசையை அவர்கள் கைவிட்டார்கள். மழைக்காலத்தில் குதிரைகள் நிற்பது அங்கேதான். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்ததால் மற்ற இரண்டும் பிழைத்தன. புல் ஒரு விரல் உயரத்துக்குக் குறைந்தால் குதிரைகளை வெளியேற்றிச் சில வாரம் திடலைப் பூட்டிவிடுவார் பெரியவர். குதிரையேற்றம் கற்க வரும் பிள்ளைகளின் பெற்றோர், பச்சைத் திடல் சும்மா கிடக்கும்போது குதிரையை ஏன் கல்தரையில் நிறுத்துகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. பச்சையாக இருப்பதற்குக் காரணமே அது பூட்டியிருப்பதுதான் என்று விளக்கும் வேலை மாணவியினுடையதாயிற்று.

எஞ்சியது இலத்தி. ஒரு குதிரை ஒரு நாளில் இலத்தியும் சிறுநீருமாகச் சுமார் இருபது கிலோகிராம் கழிக்கிறது. எட்டுக் குதிரைகளுக்கு 160 கிலோகிராம். இதை அள்ளாமல் விட்டால், கல்லின் மேல் புதிய மண் தானாகவே உருவாகும். துணி, கல், கல்தூள் எல்லாம் அதன் அடியில் மறைந்துபோகும். ஆகவே, காலையும் மாலையும் வாருகோலோடு இருவர் முற்றத்தைச் சுற்றி வருகிறார்கள். அள்ளிய இலத்தியை லாயத்துக்கு எட்ட, கூரை போட்ட மேட்டில் குவித்து எருவாக்குகிறார்கள். அருகிலுள்ள காய்கறித் தோட்டக்காரர் அதை மூட்டையில் அள்ளிச் செல்கிறார். பதிலுக்கு எப்போதாவது கேரட்டு வருகிறது. குதிரைகளின் பார்வையில் இது நல்ல வியாபாரம்.

முற்றத்து நீர் சென்று சேரும் கால்வாயின் கரையில் வெட்டிவேர் நட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே தமிழிலிருந்து போனதுதான். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். மூன்று மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். நெடுஞ்சாலைச் சரிவுகளில் மண் சரியாமலிருக்க அதை நடுவார்கள். இங்கே கரையைப் பிடிப்பதோடு, நீரோடு வரும் மண்ணையும் இலத்தித் துகளையும் தடுத்து நிறுத்துகிறது. கால்வாய் போய்ச் சேர்வது ஓர் ஆற்றில். அந்த ஆற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் கீழே இருக்கிறார்கள். மாணவி நட்ட முதல் வரிசையில் நான்கு தூர்களைக் குதிரைகள் கயிற்றுக்கு மேலே கழுத்தை நீட்டிக் கடித்துவிட்டன. இரண்டாவது வரிசையை வேலியிலிருந்து எட்டி நட்டாள்.

பழுப்புக் குதிரையின் குளம்பைப் பார்க்க லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருகிறார். முன்னங்காலில் கறுப்புக் கசிவு நின்றுவிட்டது. பள்ளத்தில் புதிய தசை கெட்டியாக வளர்ந்திருக்கிறது. பின்னங்கால் ஒன்றில் இன்னும் கொஞ்சம் நாற்றம் இருக்கிறது. அந்தக் குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டியை விடப் பின்பக்க வேலியோரம் பிடித்துப்போய்விட்டது. அடுத்த பண்ணையின் ஆடுகளை அங்கிருந்து பார்க்கலாம். பின்பக்க வேலியோரத்தில் கல்லும் இல்லை, துணியும் இல்லை. பழைய சேறு அப்படியே கிடக்கிறது.

பெரியவர் அந்த இடத்தை அளந்து, தேவையான கல், கல்தூள், துணி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறார். கூட்டல் மாணவியுடையது. நவம்பர் மழைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதுவரை மாலைதோறும் பழுப்புக் குதிரையைக் கயிற்றில் பிடித்து முன்பக்கக் கல்தரைக்கு நடத்தி வந்து, நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தம் செய்கிறார்கள். முதல் மூன்றையும் அது பொறுமையாகத் தருகிறது. நான்காவதற்குக் கேரட்டு கேட்கிறது.